கரைக்குள் நான்கு கறுப்புக் கோடுகள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவிக்கு மொட்டை மாடியில் ரோஜா வளர்க்கும் ஆசை வந்தது. எங்கள் வீட்டில் ஆசை அவளுக்கு வரும், மூட்டை தூக்கும் வேலை எனக்கு வரும். செடி விற்கிறவர் ஆறு ரோஜாச் செடியைக் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு சாக்கு ஆட்டு எருவையும் கட்டிக் கொடுத்தார். அதை ஆட்டோவில் ஏற்றி நாகல் நகருக்கு வந்துகொண்டிருக்கும்போது தூறல் பிடித்தது. சாக்கு நனைந்தது. ஓட்டுகிற பையன் மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டான்.

"சார், மூட்டைக்குள்ள இருக்கறது செத்ததா, உசுரோட இருக்கறதா?"

"ரெண்டும் இல்லப்பா. சாப்ட்டு முடிச்சது."

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். நான் கட்டிக்கொள்ளவில்லை. ஈரம் பட்ட ஆட்டுப் புழுக்கையின் வாசனை மூக்கில் ஏறியதும் முப்பது வருஷத்துக்கு முந்தைய பயம் ஒன்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கை தானாகக் கம்பியைப் பிடித்தது. ஆட்டோ குலுங்கியதால் என்று அவன் நினைத்திருப்பான்.

உங்களுக்கு ஆட்டு எரு என்றால் தோட்டம் ஞாபகம் வரும். எனக்கு ஓர் அணை ஞாபகம் வருகிறது. அணை என்றதும் மந்திரி வந்து சக்கரத்தைத் திருப்பித் திறந்துவைக்கிற அணையை நினைத்துவிடாதீர்கள். ஒரு தனி ஆள் தன் புஞ்சைக் காட்டுக்குள், மீனும் பறவையும் வந்து இருந்துவிட்டுப் போகட்டும் என்று கட்டிக்கொண்ட மண்கரை. நீளம் ஒரு நூற்றைம்பது அடி. நடுவில் இரண்டு ஆள் உயரம். அதைக் கட்டிய மேதை நான்தான்.

கட்டச் சொன்னவர் காசிம் ராவுத்தர். திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருந்தார். மண்டி இருக்கும் தெருவுக்குள் நுழைந்தாலே ஆவாரம்பட்டையும் உப்பும் பச்சைத் தோலும் சேர்ந்து ஆளைப் பின்னால் தள்ளும். முதல் நாள் நான் கர்சீப்பை எடுத்தேன். அவர் பார்த்துவிட்டார். "கட்டிக்கங்க தம்பி, வெக்கப்படாதீக. மொதப் பத்து வருசம் நானும் கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். அறுபது வயதில் மண்டியை மகன்களிடம் விட்டுவிட்டு, சேவுகம்பட்டிப் பக்கம் கொஞ்சம் வானம் பார்த்த பூமி வாங்கியிருந்தார். தென்னை வைப்பார் என்று ஊர் நினைத்தது. அவர் குளம் வேண்டும் என்றார்.

"மீன் விக்கவா?" என்று கேட்டேன்.

"இல்ல. பாக்க."

நான் விழித்தேன். அவர் சிரித்தார். "ஆயுசு பூரா தோலத்தான் பாத்திருக்கேன் தம்பி. தடவிப் பாத்து, திருப்பிப் பாத்து, ஓட்டை இருக்கான்னு வெளிச்சத்துல தூக்கிப் பாத்து... இனிமே அதுக்குள்ள இருக்கறது நடமாடறதப் பாக்கணும்."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அறுபதுகளின் தொடக்கம். ஓவர்சியர் படிப்பை முடித்துவிட்டு, சர்க்கார் உத்தரவுக்காகத் தபால்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓவர்சியர் என்றால் மேற்பார்வை பார்க்கிறவர். நான் அதுவரை மேற்பார்வை பார்த்தது அம்மா அடுப்பில் வைத்துவிட்டுப் போன பாலை மட்டும்தான். அதுவும் இரண்டு தடவை பொங்கிவிட்டது. அப்படிப்பட்டவனை நம்பி ராவுத்தர் ஓர் ஓடையை ஒப்படைத்தார்.

இரண்டு மேட்டுக்கு நடுவே மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற ஓடை. மேடு இரண்டையும் கரையால் இணைத்துவிட்டால் உள்ளே தண்ணீர் நிற்கும். சுலபம்தான். சுலபமில்லாதது கரைக்குக் கீழே இருந்தது. மூன்று வீடுகள். முதல் வீடு பேச்சியம்மாளுடையது. வீட்டை ஒட்டி அவளுடைய வெங்காயக் காடு. பக்கத்திலேயே பட்டறை: கல் பரப்பி, தட்டி கட்டி, மேலே கூரை வேய்ந்து, சின்ன வெங்காயத்தைக் காற்றாடக் கொட்டி வைக்கும் நீளக் கூடு. ஒரு வருஷத்துச் சோறு அதற்குள் இருக்கும்.

நாங்கள் கயிறு பிடித்து அளந்த முதல் நாளே அவள் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏப்பு, என் தல மேல தண்ணியக் கட்டி வைக்கப் போறியளாக்கும்?"

"கரை கெட்டியா இருக்கும் ஆத்தா."

"கெட்டியா இல்லாட்டி?"

நான் சரிவு, அடி அகலம், மண்ணின் தன்மை என்று படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவள் முழுக்கக் கேட்டாள். "அதெல்லாம் கெடக்கட்டும். நிக்குமா, நிக்காதா? ஒத்தச் சொல்லுச் சொல்லு" என்றாள். "நிக்கும்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் களை எடுக்கப் போய்விட்டாள். இருபத்திரண்டு வயதில் ஒற்றைச் சொல் சொல்வது எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள்.

கரை கட்டுவதில் மண் கொட்டுவது பெரிய வித்தை இல்லை. கொட்டின மண்ணை அமுக்குவதுதான் வித்தை. ஒரு சாண் கனத்துக்கு மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, நன்றாக அமுக்கி, அதன்மேல் அடுத்த சாண். எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கென்றே ஓர் இரும்பு உருளையின் படம் இருந்தது. அதன் உடம்பெல்லாம் குட்டிக் குட்டி முளைகள். ஆட்டுக் குளம்பு மண்ணை மிதிப்பதைப் பார்த்துச் செய்தது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். திண்டுக்கல் முழுக்க அலைந்தேன். எந்தக் கதவுக்கும் பூட்டு செய்து தருகிற ஊரில் எனக்கு ஓர் உருளை கிடைக்கவில்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமலிருந்த நாட்களே நல்ல நாட்கள். இரும்பில் ஆட்டுக்கால் கிடைக்காவிட்டால் என்ன? ஆடே இருக்கிறதே!

சின்னக்காளை என்ற கீதாரியிடம் இருநூறு செம்மறி இருந்தது. அறுப்பு முடிந்த கோடையில் எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் காட்டில் கிடை போடச் சொல்லிக் கீதாரியைக் கூப்பிடுவார்கள். இரவெல்லாம் மந்தை அங்கேயே அடைந்து கிடக்கும். காட்டுக்கு எரு சேரும். அந்தக் கிடையைக் காட்டில் போடாமல் கரைமேல் போடச் சொன்னேன். மூங்கில் தட்டியால் சுற்றி மறித்து, பகலில் கொட்டின மண்மேல் இருநூறு ஆட்டை ஏற்றிவிட்டோம். எண்ணூறு கால். விடிந்து பார்த்தால் மண் கட்டாந்தரை போல இறுகிக் கிடந்தது. எந்த உருளையும் தோற்றுப்போகும்.

மிதி எங்களுக்கு, புழுக்கை பேச்சியம்மாளுக்கு. இதுதான் ஏற்பாடு. விடிந்ததும் அவளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் விளக்குமாறும் கூடையுமாக வந்து, கரைமேல் ஒரு புழுக்கை இல்லாமல் கூட்டி அள்ளிப் போவார்கள். அதன் பிறகுதான் அடுத்த சாண் மண் விழும். ராவுத்தர் மண்டிக்கு வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து, "எங்க ஓவர்சியர் தம்பி ஆட்ட வச்சு அணை கட்டறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எனக்கு நடை கொஞ்சம் மாறிவிட்டது.

இந்த நேரத்தில்தான் நாகல் நகரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். ராவுத்தரிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, மதகுக்குக் குழாய் பார்க்கப் போகிறேன் என்றேன். ஒரு நாள் வேலை, நான்கு நாள் ஆகிவிட்டது. முதல் நாள் பெண் பார்த்தேன். மீதி மூன்று நாளும் அதே தெருவில் எதேச்சையாக நடந்துகொண்டிருந்தேன். (அந்தப் பெண்தான் இப்போது மாடியில் ரோஜாத் தொட்டிகளுக்கு மேற்பார்வை பார்க்கிறாள்.)

அந்த நான்கு நாளும் சேவுகம்பட்டியில் அம்மன் கோவில் திருவிழா. பெண்கள் யாரும் கூட்ட வரவில்லை. கூட்ட ஆளில்லை என்று மண் வெட்டுகிறவர்கள் தயங்கி நின்றபோது, சின்னக்காளை சொல்லியிருக்கிறான்: "சாணி மொழுகுன தரை கெட்டியாத்தான இருக்கு? கெடக்கட்டும், மேலயே மண்ணப் போடுங்கப்பா." அவன் சொன்னதில் தப்பு தெரிகிறதா? அங்கே எந்த வீட்டுக்குள் போனாலும் சாணி மெழுகிய மண்தரைதான். யாருக்குமே தப்பு தெரியவில்லை. புழுக்கைமேல் மண், அதன்மேல் கிடை, மறுபடி புழுக்கை, மறுபடி மண்.

நான் திரும்பி வந்தபோது கரையின் ஒரு முனை வெட்டிய ரொட்டி போல நின்றுகொண்டிருந்தது. செம்மண்ணுக்குள் நான்கு கறுப்புக் கோடுகள். ஜமக்காளத்தில் ஓடுமே, அந்த மாதிரி. களிமண்ணோடு பிசைந்து மெழுகினால் சாணம் பிடிக்கும். பிசையாமல் பாய் போல விரித்துவிட்டு மேலே மண் போட்டால், கீழ் மண்ணும் மேல் மண்ணும் ஒட்டவே ஒட்டாது. நாளாக ஆகப் புழுக்கை மக்கி வழி விடும். தண்ணீர் அந்த வழியாக வரும். இது எனக்குத் தெரியாததில்லை. பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன்.

தோண்டி எடுக்க ஒரு வாரம் ஆகும். தோண்டினால் ராவுத்தர் ஏன் என்று கேட்பார். குழாய் எங்கே என்று அடுத்ததாகக் கேட்பார். நான் முனையை மூடச் சொன்னேன். வெளிப்பக்கம் முழுக்க நல்ல களிமண்ணைப் பூசினோம். புது மாப்பிள்ளைக் கன்னம் போல மழமழவென்று இருந்தது.

வைகாசியில் ஒரு மழை பெய்து குளத்தில் இடுப்பளவு நின்றது. கோடுகள் அதற்கு மேலே இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பானைகளில் கெண்டைக் குஞ்சு கொண்டுவந்து விட்டோம். பறவைகளை யாரும் கொண்டுவரவில்லை, தாமாக வந்தன. கொக்கு, நாமக்கோழி, முக்குளிப்பான். ராவுத்தர் வாரா வாரம் பொரி மூட்டையோடு பஸ் ஏறி வந்து, கரைமேல் உட்கார்ந்து மீனுக்கு வீசிக்கொண்டிருப்பார். "இந்த முக்குளிப்பானப் பாருங்க தம்பி, எங்க கணக்கப்பிள்ளை மாதிரியே. நம்ம பாக்கறப்ப முங்கிரும், பாக்காதப்ப எந்திரிக்கும்." ஒரு நாள் ஆசையாகக் கேட்டார், "இன்னும் ஒரு முழம் தண்ணி நின்னா பெரிய பறவையெல்லாம் வருமாம்ல?" அதிகத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கரையோரம் வைத்திருந்த கலிங்கில் பலகையைச் செருகி, அந்த ஒரு முழத்தையும் கொடுத்தேன். அவர் கேட்டு நான் எதை இல்லை என்றிருக்கிறேன்?

ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் விடிந்தபோது மழை விட்டிருந்தது. கரையைப் பார்த்துக்கொள்ள நான் சேவுகம்பட்டியில் எடுத்திருந்த அறையின் கதவை யாரோ தட்டினார்கள். தலையில் சாக்கை மடித்துப் போட்ட கொங்காணியோடு பேச்சியம்மாள்.

"ஓவர்சியரு அப்பு, வந்து பாரு. ஒங்க கரை ஒண்ணுக்குப் போகுது."

செருப்புப் போட்டேனா என்று நினைவில்லை. ஓடினேன். உள்ளே குளம் கலிங்குப் பலகையின் விளிம்பு வரை நிரம்பிக் கிடந்தது. வெளிச்சரிவில் மார்பு உயரத்தில், ஒரு கட்டில் நீளத்துக்கு, ஈரக் கோடு. அதிலிருந்து டீத் தண்ணீர் நிறத்தில் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

மண்கரை கசிவது குற்றமில்லை. எல்லாக் கரையும் கொஞ்சம் வியர்க்கும். வருகிற தண்ணீர் வெறுங்கையோடு வருகிறதா, மண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறதா என்பதுதான் கேள்வி. மண்ணோடு வந்தால், உள்ளே எலிவளை போல ஒன்று உண்டாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது பெரிசாகும். மொத்தக் கரையும் போக ஒரு நாளும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம்.

"ஆத்தா, வீட்டுல கண்ணாடி கிளாஸ் இருக்கா?"

"காப்பி குடிக்கிற நேரமாப்பு இது?"

ஆனாலும் கொண்டுவந்தாள். கசிவைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நிறம் பழுப்பு. ஆனால் என் விரல் அந்தப் பக்கம் தெளிவாகத் தெரிந்தது. அடியில் ஒன்றும் தங்கவில்லை. மூச்சு வந்தது. அவள் கிளாசை வாங்கி மோந்து பார்த்தாள்.

"என்ன தண்ணி இது?"

"ஊத்துத் தண்ணி ஆத்தா."

"ஊத்து ஆட்டுப் புழுக்கை நாறுமா?"

"கரை மேல ஆடு மேயுதுல்ல... மழையில கரைஞ்சு வருது."

அவள் கிளாசை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்கு முன் தென்னையிலிருந்து விழுந்து, காலில் கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தார். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஊற்று என்றேன்.

அரை மணிக்கு ஒரு கிளாஸ் பிடித்தேன். இரண்டாவது கிளாசில் விரல் மங்கலாகத் தெரிந்தது. மூன்றாவதில் தெரியவில்லை. சரிவில் வைத்துக் காத்திருந்தேன். அடியில் நகக்கண் அளவுக்குச் செம்மண் படிந்தது. கசிவு இப்போது கோடாக இல்லை. மூன்று இடத்தில் விரல் கனத்துக்குச் சொட்டாமல் ஒழுகியது.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து குரல் வந்தது. முதல் பஸ்ஸில் வந்திறங்கியிருந்த ராவுத்தர், குடையும் பொரி மூட்டையுமாகக் கரைமேல் நின்றார். "தம்பி! மேல வாங்க! கூழைக்கடா வந்திருக்கு! ஆட்டுக்குட்டி தண்டியில உக்காந்திருக்கு! அல்லாவே, என்னா மூக்கு!"

கீழேயிருந்து பேச்சியம்மாள். இந்த முறை அவள் கையில் ஒன்றுமில்லை. "எங்க வீட்டு ஆளத் தூக்கவா, வேணாமா? அம்புட்டு வெங்காயமும் பட்டறையில கெடக்கு. நிக்குமா, நிக்காதா? ஒத்தச் சொல்லு."

மேலே அவர், கீழே இவள், நடுச்சரிவில் கிளாசோடு நான். மேலே போய்க் கூழைக்கடாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மனசு அப்படிப்பட்ட சமயத்தில் எங்கேயெல்லாம் ஒளிய இடம் தேடும் தெரியுமா?

"நிக்காது ஆத்தா. தூக்கிருங்க" என்றேன்.

அவள் ஓடினாள். ராவுத்தர் குடையை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார். கசிவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மழைதான் விட்டுருச்சே. செத்த நேரம் பொறுத்துப் பாக்கலாமா? ஒடைச்சு விட்டா அம்புட்டும் போயிரும் தம்பி."

பொறுக்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. அவர் முகம் அப்படி இருந்தது. உண்மையைச் சொல்லாமல் அவர் கையால் கரையை வெட்ட வைக்க முடியாது என்றும் தெரிந்தது. சொன்னேன். நான்கு கோடு, திருவிழா, புழுக்கை, மேலே பூசின களிமண், எல்லாம்.

"நீங்க இருந்தீகள்ல?"

"இல்ல. குழாய் பாக்கப் போகல. பொண்ணு பாக்கப் போயிருந்தேன்."

"எத்தன நாளு?"

"நாலு."

அவர் கொஞ்ச நேரம் குடைக் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு தோலைத் தடவிப் பார்ப்பது போல.

"பொண்ணு புடிச்சிருந்துச்சா?"

"புடிச்சிருந்துச்சு."

"அப்ப சரி. மம்பட்டி எங்க?"

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கலிங்குக்கு ஏறினார். பலகை தண்ணீரில் ஊறி உப்பிப்போய் அசைய மறுத்தது. கடப்பாரை போட்டும் வரவில்லை. அவர் ஆசைப்பட்ட ஒரு முழம் அது. பலகையை விட்டுவிட்டு, பக்கத்துச் சுக்கான் மேட்டைத் தோண்டினோம். முதல் வெட்டு அவர்தான் வெட்டினார். அந்த வழியாகத் தண்ணீர் போனால் வீடுகளுக்கு வராமல் பள்ளத்தைச் சுற்றிப் போய்விடும். ஆனால் சுக்கான், அந்தச் சுண்ணாம்பு மண், கல் போல இறுகியிருந்தது. ஒரு கூடை பெயர்க்கப் பத்து வெட்டு.

சேதி கேட்டுச் சின்னக்காளையும் ஊர் ஆட்கள் சிலரும் ஓடிவந்தார்கள். அவன் கை நிறையக் களிமண்ணை உருட்டிக்கொண்டு கசிவை நோக்கிப் போனான். "அடைச்சு விட்டுர்றேன் தம்பி!"

"அடைக்காத! அடைச்சா வேற எடத்துல பிச்சுக்கும்!" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. தண்ணீரை வரவிட வேண்டும், மண்ணை மட்டும் உள்ளேயே பிடித்து நிறுத்த வேண்டும். ஓடை மணலைக் கூடை கூடையாகக் கசிவின்மேல் கொட்டினோம். அதன்மேல் சரளை. அதன்மேல் கல். வழுக்கிப் போகாமலிருக்க அவனுடைய கிடைத் தட்டிகளையே ஊன்றி முட்டுக் கொடுத்தோம். ஓடி ஓடிக் கிளாஸ் பிடித்தேன். கலங்கல். மறுபடி கலங்கல்.

கீழே நான்கு பேர் பேச்சியம்மாளின் வீட்டுக்காரரைக் கட்டிலோடு தூக்கி எதிர் மேட்டில் வைத்தார்கள். அவர் அங்கிருந்தபடியே, "பட்டறையில அந்தக் கடைசிய மொதல்ல அள்ளுங்கடி! அதுதான் பள்ளம்!" என்று உத்தரவு போட்டார். பெண்கள் தலையில் கூடையோடு எறும்பு வரிசையாக வெங்காயத்தை மேடேற்றினார்கள்.

பதினோரு மணி இருக்கும். கசிவுக்கு மேலே, வெளிச்சரிவில், ஒரு வண்டி மண் அப்படியே வழுக்கி இறங்கியது. பெரிய சத்தமில்லை. ஈரத் துணியைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். எல்லாக் கையும் நின்றது. கூடையோடு நின்ற பெண்கள் திரும்பவில்லை, அசையவுமில்லை. பிளந்த இடத்தில் செம்மண்ணுக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு, ஈரத்தில் மினுமினுத்தது.

"அது நம்ம ஆட்டுதுல்ல!" என்றான் சின்னக்காளை, தொலைந்த ஆட்டை அடையாளம் கண்டவன் போல.

யாரும் சிரிக்கவில்லை. நான் மனசுக்குள் எண்ணினேன். அறுபது எண்ணினேன். இன்னொரு அறுபது. கரை அதற்கு மேல் இறங்கவில்லை. சுக்கான் மேட்டிலிருந்து ராவுத்தரின் கத்தல் கேட்டது. "போகுது! தண்ணி போகுது!"

வெட்டின வாய் வழியாக முதலில் ஒரு சாண், பிறகு ஒரு முழம். தண்ணீர் தானே வாயை அகலப்படுத்திக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. குளத்தின் விளிம்பில் ஈர வளையம் கீழே கீழே இறங்கியது. மதியச் சோற்று நேரம் தாண்டி நான் பிடித்த கிளாசில் என் விரல் தெரிந்தது. அதை ராவுத்தரிடம் காட்டினேன். பேச்சியம்மாளிடம் காட்டத் தைரியமில்லை.

மீனெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. பள்ளம் முழுக்க ஆட்கள் வேட்டியையும் சேலையையும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சேவுகம்பட்டியில் அன்றைக்கு எந்த வீட்டிலும் வேறு வெஞ்சனம் இல்லை. கூழைக்கடா சேற்றில் தனியாகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு ஒரு பெரிய மனிதர் கூட்டத்தை விட்டு எழுந்து போவது போல மெதுவாக எழும்பிப் போனது.

பொழுது சாயும் முன் பேச்சியம்மாள் ஒரு கும்பாவில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "தின்னு. ஒன் அணைதான்." ராவுத்தருக்கும் நீட்டினாள். அவர் கையை ஆட்டி மறுத்தார். "பொரி போட்ட கையாலயே திங்கவா தாயி? எனக்கு வேணாம்."

நான் வெட்கமில்லாமல் இரண்டு வாய் சாப்பிட்டேன். அவள் எதிரே நின்றுகொண்டு சொன்னாள்: "கசிஞ்ச தண்ணி பட்டறைக் கடைசியில ஏறி, கால்வாசி வெங்காயம் நனைஞ்சு போச்சு. நனைஞ்சது அழுகிப்போகும். ஊத்துன்னு சொன்னியே, அப்பவே உள்ளதச் சொல்லியிருந்தா அம்புட்டும் மேடேறியிருக்கும்." நான் கும்பாவைக் கீழே வைத்தேன்.

அடுத்த கோடையில் ராவுத்தர் மறுபடி ஆள் அனுப்பினார். வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "வேற ஆளுக்கு எங்க தப்புன்னு தெரியாதே. ஒங்களுக்குத்தான தெரியும்?" என்றார். நான்கு கோட்டையும் தோண்டி எடுத்தோம். மறுபடி மண், மறுபடி கிடை. ஆனால் விடியலில் கரையைக் கூட்டியது நான். பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்துக் கரைமேல் நின்றாள். "அந்த மூலையில ரெண்டு கெடக்கு பாரு, ஓவர்சியரு!" மேற்பார்வை என்றால் என்ன என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். கடைசிச் சாண் மண் விழுந்த அன்று அவள் கேட்கவில்லை. நானாகவே, "நிக்கும் ஆத்தா" என்றேன். "பாப்போம்" என்றாள்.

நின்றது. எனக்குச் சர்க்கார் உத்தரவு வந்து ஊர் ஊராகப் போய்விட்டேன். ராவுத்தர் இருந்தவரை பொரி மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் மௌத்தான பிறகு காடு கைமாறியது.

இரண்டு மாதம் முன்பு வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். கரை அப்படியே இருக்கிறது. ஓர் அங்குலம் உட்காரவில்லை. சீமைக்கருவேலம் முளைத்திருக்கிறது. உள்ளே குளம் இருந்த இடத்தில் மக்காச்சோளம் அறுத்த கட்டைகள், வெடித்த மண். ஓடைக்கு மேலே எங்கு பார்த்தாலும் கிணறு, மோட்டார், போர்வெல். ஓடையில் மணலே இல்லை. முக்குளிப்பான் முங்க ஒரு சிரங்கை தண்ணீர் கிடையாது. பேச்சியம்மாளின் வீடு இருந்த இடத்தில் ஒரு மோட்டார் ரூம். அதன் நிழலில் லுங்கியோடு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, இது என்ன கரை?"

"தெரியல சார். அந்தக் காலத்துல ரயிலு விடப் போறோம்னு மண்ணக் கொட்டிட்டு, அப்பறம் விட்டுட்டாகளாம்."

"இதுல தண்ணி நின்னுச்சுப்பா."

"இங்கிட்டா?"

"ஆமா. ஒரு நா கரை ஒடையப் போகுதுன்னு, இந்தா நீ உக்காந்திருக்கிற எடத்துல இருந்துதான் ஒரு ஆளக் கட்டிலோட தூக்கிட்டுப் போனோம். வெள்ளம் வந்துரும்னு."

அவன் என்னைப் பார்த்தான். வெடித்த மண்ணைப் பார்த்தான். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"சார் நல்லாத் தமாசு பண்றீக" என்றான்.